பழைய டிராக்டருக்கு முன்சக்கர இழுவை: பல பருவம் ஓட்டிய பிறகு

40 குதிரைத்திறன் அளவுள்ள பழைய வார்ப்பிரும்பு டிராக்டர், வேறு வண்டியிலிருந்து கழற்றிய முன் ஆக்சில், கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்சில் ஹவுசிங்குக்கும் நடுவே செருகிய டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் (விசையில் ஒரு பங்கை முன் ஆக்சிலுக்குப் பிரித்துத்தரும் கியர் பெட்டி). இந்த அமைப்பைப் பல உழவுப் பருவம் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. வழி புதிதல்ல. 1950களில் இங்கிலாந்தின் ரோட்லெஸ் நிறுவனம், ராணுவத்தில் ஓடிய ஜிஎம்சி லாரிகளின் முன் ஆக்சிலை ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டருக்கு மாட்டிக் கொடுத்ததும் இப்படித்தான். ஈரநிலத்தில் இழுவை நன்றாகவே கூடுகிறது. ஆனால் வண்டி நாள்பட நிற்குமா என்பது எந்த ஆக்சில் என்பதைவிட ஒரு விகிதத்தைப் பொறுத்தது.

முன் சக்கரம் தரையில் பின் சக்கரத்தைவிடச் சற்றே வேகமாக உருள வேண்டும். இதை லீட் என்பார்கள். 1 முதல் 5 சதவீதம் வரை தாங்கும். 2 முதல் 3 இருந்தால் நிம்மதி. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் முன் சக்கரம் இழுக்காது, பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். 5-ஐத் தாண்டினால் டயரும் ஜாயின்ட்டும் சீக்கிரம் போகும்.

கணக்குக்கு டயரில் அச்சடித்த அளவு உதவாது. வண்டி முழு எடையோடு, சரியான காற்றோடு சமதரையில் நிற்கட்டும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு 5 சுற்று உருட்டி, போன தூரத்தை 5-ஆல் வகுக்க வேண்டும். பின் டயர் 3,900 மி.மீ., முன் டயர் 2,850 மி.மீ. வந்தால், பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது முன் சக்கரம் 1.37 சுற்று போனால் லீட் பூஜ்யம், 1.41 போனால் 3 சதவீதம். பினியனிலிருந்து (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் சிறிய பல்சக்கரம்) பின் சக்கரம் வரை மொத்தக் குறைப்பு 20 என்று வையுங்கள், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் 20 சுற்று. முன்பக்கம் மொத்தம் 20-ஐ 1.41-ஆல் வகுத்தால் வரும் 14.18 இருக்க வேண்டும். கிடைத்த முன் ஆக்சிலின் விகிதம் 16 என்றால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் வேகத்தைக் கூட்டித்தர வேண்டும்: ஓட்டும் கியர் 35 பல், ஓடும் கியர் 31 பல். லீட் 3.1-ல் வந்து நிற்கும்.

ஆக்சிலைப் பிரிக்காமலே அதன் விகிதம் தெரியும். ஒரு சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டு மறு சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். இன்புட் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் 2 சுற்று. 1 சுற்றுக்கு எண்ணிவிட்டு வாங்கினால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

விசை எடுக்கும் இடம் கியர் மாற்றத்துக்குப் பின்னால், அதாவது பினியன் ஷாஃப்டில் இருக்க வேண்டும். என்ஜின் வேகத்தில் சுற்றும் பிடிஓ-விலிருந்து (பின்னால் கருவிகளை ஓட்டும் ஷாஃப்ட்) எடுத்தால் ஒவ்வொரு கியருக்கும் விகிதம் மாறிவிடும். இரண்டே கியர் போட்டால் சுற்றும் திசை திரும்பிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். கழற்றிய ஆக்சில் பழைய வண்டியில் எந்தப் பக்கம் சுற்றியதோ அதைப் பார்த்துத்தான் நடுவே ஐட்லர் கியர் (திசையை மட்டும் திருப்பும் மூன்றாவது கியர்) வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.

எல்லாம் சரியாகப் போட்ட வண்டியும் பிறகு ஏன் கெடுகிறது? டயர் தேய்மானம். பின் டயரின் பட்டன் 20 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு சுமார் 126 மி.மீ. குறையும், மேலே சொன்ன வண்டியில் 3.1 ஆக இருந்த லீட் 6.5-ஐத் தாண்டிவிடும். முன் டயர் மட்டும் 15 மி.மீ. தேய்ந்தால் பூஜ்யத்துக்கும் கீழே. ஆகவே முன்னும் பின்னும் ஒன்றாகத் தேய விட்டு, ஒன்றாக மாற்றுவதே நல்லது. ஒரு ஜோடி மட்டும் புதிதாகப் போட நேர்ந்தால் மறுபடி உருட்டி அளக்காமல், முன் இழுவையை இணைக்கும் லீவரைத் தொடக் கூடாது. சின்ன வித்தியாசத்தைக் காற்றழுத்தத்தில் சரிக்கட்டலாம், பெரியதை முடியாது.

அடுத்த தலைவலி உடல்வாகு. இந்த வண்டிகளில் தனி சேஸிஸ் கிடையாது. என்ஜின் பிளாக்கே எலும்பு. முன்பு முன்பாகத்தைச் சுமந்தால் போதும் என்றிருந்த பிராக்கெட் போல்ட்டுகள் இப்போது இழுவையையும் தாங்குகின்றன. முதலில் போல்ட் தளரும், பிறகு பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் டவல் பின்னின் துளை முட்டை வடிவமாகும், கடைசியில் கிளட்ச் ஹவுசிங் ஃபிளாஞ்சில் விரிசல் ஓடும். முன் பிராக்கெட்டிலிருந்து பின் ஆக்சில் ஹவுசிங் வரை இருபுறமும் சி-சேனல் ரெயில் ஓட்டினால் இது அடங்கும். ரெயிலை என்ஜின் பிளாக்கில் வெல்டிங் செய்வது வேண்டாத வேலை.

பழைய கை ஸ்டியரிங் பெட்டி இந்த ஆக்சிலைத் திருப்பாது. ஹைட்ராலிக் ஸ்டியரிங் யூனிட் வேண்டும். இருபுறமும் ராடு வரும் சிலிண்டர், உள்விட்டம் 65, ராடு 35, ஓட்டம் 200 மி.மீ. என்றால் 471 சிசி எண்ணெய் பிடிக்கும். ஸ்டியரிங் ஒரு சுற்றுக்கு 125 சிசி தள்ளும் யூனிட்டோடு சேர்த்தால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாலு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 11 லிட்டர் பம்ப் போதும். திரும்பும் வட்டம் கட்டாயம் பெரிதாகும். வரப்போரத் திருப்பத்தில் அது உறைக்கும். முழு ஒடிப்பில் ஆக்சில் சாயும்போது டயர் பானெட்டில் உரசுகிறதா என்று ஜாக்கி போட்டுப் பார்த்த பிறகே ஸ்டாப்பரை இறுக்குங்கள்.

சேற்றுழவில் முதலில் விழுவது கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) அடியிலுள்ள சீலும் ஹப் சீலும். சூடான ஹப் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கிறது. எண்ணெய் பால் மாதிரி மாறினால் காரணம் இதுதான். ப்ரீதரில் (காற்று போய்வரும் துளை) ஒரு ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோனால் பெரும்பகுதி தீரும். யுனிவர்சல் ஜாயின்ட்டுக்குச் சேற்றில் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ், உலர் வேலையில் 50. டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் முதல் எண்ணெயை 50 மணி நேரத்தில் இறக்கி, காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்: பசை போன்ற தூள் இயல்பு, செதில் வந்தால் பிரிக்க வேண்டியதுதான். பாக்ஸும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்தால் ஜிஎல்-5 தர கியர் எண்ணெய் வேண்டாம், ஜிஎல்-4 தரம் ஊற்றுங்கள். பழைய கியர்பாக்ஸின் வெண்கல புஷ்ஷை ஜிஎல்-5-இன் கந்தகச் சேர்மானம் அரிக்கக்கூடும்.

பலரும் யோசிக்காத ஒன்று: சக்கரம் வழுக்குவது முன்பு ஒரு ஃபியூஸ் மாதிரி கியர்பாக்ஸைக் காத்தது. இப்போது வழுக்கல் குறைந்ததால் அந்தச் சுமை கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகிறது, முக்கியமாக முதல் கியரில். அதனால் கலப்பையை அகலமாக்க ஆசைப்படக் கூடாது. பழைய கலப்பையோடு வழுக்கலைக் குறைத்து டீசலை மிச்சப்படுத்துவதுதான் இந்த மாற்றத்தின் நியாயமான லாபம். முன்பக்கம் மொத்த எடையில் 40 சதவீதம் இல்லையென்றால் அதுவும் வராது. முன் எடைக் கட்டிகளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் இழுப்பதே முக்கிய வேலையென்றால் இந்தச் செலவு வீண்.

தார்ச்சாலையில் முன்சக்கர இணைப்பை விட்டுவிட வேண்டும். மறந்து கொஞ்ச தூரம் ஓட்டினால் ஷாஃப்ட் முறுக்கேறி லீவர் விடுபடாது. சுத்தியலை எடுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து இரண்டு மீட்டர் பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக இறங்கும்.