1000 கஜத்துக்கு எது: 6.5 கிரீட்மோரா, .308 வின்செஸ்டரா?

இரண்டும் ரைபிள் தோட்டா வகைகள். அமெரிக்க இலக்குச் சுடுதளங்களில் இந்த விவாதம் ஓய்வதே இல்லை. .308 வந்தது 1952-ல். கிரீட்மோரை ஹார்னடி நிறுவனம் 2007-ல் அறிமுகப்படுத்தியது, அதுவும் இலக்குப் போட்டிக்கென்றே.

குழலை விட்டுக் கிளம்பும்போது பெரிய வித்தியாசம் கிடையாது. 140 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) கிரீட்மோர், 168 கிரெய்ன் .308 இரண்டுமே நொடிக்கு 2700 அடியை ஒட்டித்தான் பாயும். வித்தியாசம் போகப்போகத்தான் தெரியும். கிரீட்மோரின் குண்டு ஒல்லி, நீளம். காற்றை எளிதாகக் கிழிக்கும், வேகத்தைச் சீக்கிரம் இழக்காது. பழைய வகை 168 கிரெய்ன் .308 குண்டோ, 1000 கஜத்தை நெருங்கும்போது ஒலிவேகத்துக்கு இறங்கித் தள்ளாடத் தொடங்கும். 175 கிரெய்னுக்கு மாறினால் ஓரளவு சமாளிக்கலாம். குண்டு கீழே விழுவதைக் கணக்குப் போட்டுத் துப்பாக்கியின் தொலைநோக்கியில் திருத்திவிடலாம். பக்கக்காற்றைத்தான் சரியாகக் கணிப்பது கடினம். அதில் கிரீட்மோர் குறைவாக விலகும் என்பதே எனக்குப் பெரிய காரணம். உதைப்பும் குறைவு, அதனால் குண்டு எங்கே பட்டது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, .308-க்கு என்ன மிச்சம்? குழல் ஆயுள். கிரீட்மோர் குழல் 2000 முதல் 3000 சுடுகைகளில் துல்லியம் இழக்கும்; .308 சாதாரணமாக 5000-ஐத் தாண்டும். அப்புறம் எஃப்-டிஆர் என்ற நெடுந்தூர ரைபிள் போட்டிப் பிரிவில் .308, .223 இரண்டுக்கு மட்டுமே அனுமதி. அங்கே போகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மற்றவர்களுக்கு என் ஓட்டு கிரீட்மோருக்கு. ஏற்கெனவே .308 வைத்திருப்பவர் குழலை மட்டும் மாற்றினாலே போதும், இரண்டு தோட்டாக்களின் அடிவிட்டமும் ஒன்றுதான்.