ஆறு லாரிக்கு மென்பொருள் எதற்கு? இரண்டு வருடம் பயன்படுத்திய அனுபவம்

சென்னை மாதவரத்தில் எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ். சொந்த வண்டி ஆறு, வெளியாரிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டும் அட்டாச் வண்டி பத்துப் பன்னிரண்டு, ஓசூர், பெங்களூர், ஐதராபாத் லைன். 2023 ஆகஸ்டில் மாதச் சந்தா கட்டி, வண்டி, லோடு, பில் எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு டிரான்ஸ்போர்ட் மென்பொருள் வாங்கினோம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. இதே வேலையைச் செய்யும் மென்பொருள் நிறைய இருக்கிறது, எதை வாங்கினாலும் கீழே சொல்வதைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

"ஆறு வண்டிக்கு எதுக்குடா இது, எல்லாம் என் நோட்டுல இருக்கே" என்றுதான் அப்பா கேட்டார். விற்க வந்தவரோ டீசல் மிச்சமாகும், ஆள் குறையும் என்று பேசிக்கொண்டே போனார். நாங்கள் வாங்கியது அதற்காக இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்குத் தொடர்ந்து லோடு தரும் பார்ட்டி, வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க லிங்க் அனுப்பாத டிரான்ஸ்போர்ட்டுக்கு அடுத்த வருடம் ரேட் கான்ட்ராக்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்கள் பலவும் இப்படி ஒரு பெரிய பார்ட்டி கேட்டதால்தான் முதலில் வாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் வாங்கிய பிறகு எங்களைக் காப்பாற்றியது அந்த லிங்க் இல்லை, பிஓடி, அதாவது சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சித் தாள்.

சரக்கை இறக்கியதும் எங்களுக்குக் காசு வந்துவிடாது. இறக்கிய இடத்தில் எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் சீலும் கையெழுத்தும் வாங்கி, அந்தத் தாள் சென்னைக்கு வந்து, அதைப் பில்லோடு சேர்த்துக் கொடுத்த பிறகுதான் பார்ட்டியின் 30 நாள், 45 நாள் கணக்கே தொடங்கும். ஐதராபாத்தில் இறக்கிய டிரைவர் ரிட்டர்ன் லோடுக்காக இரண்டு நாள் நிற்பார், விஜயவாடாவுக்கு லோடு கிடைத்தால் அங்கே போவார், நம் தாள் வண்டியிலேயே கிடக்கும். அட்டாச் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், வாடகைப் பாக்கியை வாங்க ஆபீஸுக்கு வரும்போதுதான் கொண்டுவருவார்கள், சில நேரம் தொலைத்துவிட்டும் வருவார்கள். இதற்குள் டீசல், பேட்டா, அட்டாச் வண்டிக்கு அட்வான்ஸ் எல்லாம் நம் கையிலிருந்து போயிருக்கும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து டோலுக்கும் முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டும். தாள் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வட்டிக்கு வாங்கிய பணத்தில்தான் வண்டி ஓடுகிறது.

இப்போது இறக்கிய இடத்திலேயே டிரைவர் போட்டோ எடுத்து ஆப்பில் போடுகிறார், அது அந்த எல்.ஆர். நம்பரில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அன்று மாலையே பில் போகிறது. இரண்டு பார்ட்டிகள் மட்டும் இன்னும் அசல் தாள்தான் வேண்டும் என்கிறார்கள். மற்றவர்களுக்குப் பில் போட முன்பு இருபது நாள் ஆனது, இப்போது மூன்று நான்கு நாள். சந்தா முழுவதையும் இந்த ஒரு வசதிக்காகவே கட்டலாம்.

அடுத்தது ஈ-வே பில், அதாவது சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜிஎஸ்டியில் ஆன்லைனில் எடுக்கும் சீட்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்று கணக்கு, காலாவதியான பில்லோடு வண்டி பிடிபட்டால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது ஐதராபாத்திலிருந்து வந்த வண்டி கும்மிடிப்பூண்டியிலேயே நின்றுவிட்டது. ஆபீஸில் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் ஓடவில்லை. பில் முடியப் போகிறது என்று மென்பொருளிலிருந்து போனில் எச்சரிக்கை வந்ததும் மொட்டை மாடியில் நின்று சிக்னல் பிடித்து, இயற்கைப் பேரிடர் என்று காரணம் போட்டு நீட்டித்தேன். முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போதான் நீட்டிக்க முடியும், அந்த மழையில் யாருக்கு அது ஞாபகம் இருந்திருக்கும்? பல பார்ட்டியின் சரக்கை ஒரே வண்டியில் ஏற்றும்போது எல்லா ஈ-வே பில்லையும் சேர்த்து ஒரே பில்லாக எடுப்பதும் இப்போது இரண்டு நிமிட வேலை.

சரி, குறைகள். டிரைவர் ஆப் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் கேட்டோம், எட்டு மாதம் ஆக்கினார்கள். அதுவரை இருபது வருடமாக வண்டி ஓட்டும் மனிதர் எந்த பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார், பார்க்கவே சங்கடமாக இருந்தது. பகலில் நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை இருப்பதால் எங்கள் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது, ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் உதவிக்குக் கூப்பிட்டால் அவர்கள் போனை எடுப்பதில்லை. லாரிக்காரர்களுக்கு விற்கிறவர்கள் இரவில் ஒருவரையாவது வைக்க வேண்டும். இன்னொன்று, விலகினால் நம் எல்.ஆர். கணக்கு முழுவதையும் எக்செல்லில் தருவார்களா என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, பிறகு அதை வாங்க மூன்று மாதம் அலைந்தோம்.

அட்டாச் வண்டிகளுக்குத் தனி ஜிபிஎஸ் கருவி வாங்காதீர்கள். அந்த வண்டி அடுத்த வாரம் வேறு ஆபீஸுக்கு ஓடும், கருவியும் கூடவே போய்விடும். டிரைவர் சம்மதித்தால் அவர் போனை வைத்தே இடம் பார்க்கலாம், அதுவே போதும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். 2025 ஆகஸ்டிலும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டோம். அப்பா நோட்டை நிறுத்தவில்லை, ஆனால் காலையில் வந்ததும் எந்த எல்.ஆருக்கு இன்னும் போட்டோ வரவில்லை என்று அவர்தான் முதலில் கேட்கிறார்.