தண்ணீரில் கிடந்த டொமினாரை என் தலையில் கட்டிவிட்டார்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய 350, 400 சிசி பைக் தேடிக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2024 ஜூனில் 1,15,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பஜாஜ் டொமினார் 400 பைக், அதற்கு ஆறு மாதம் முன்பு தூத்துக்குடி மாவட்ட வெள்ளத்தில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த வண்டி. விற்றவருக்கு அது தெரியும். என்னிடம் மறைத்தார்.

எனக்குப் பெரிய வண்டி ஆசை ஒன்றும் கிடையாது. தக்கலையில் வீடு, வேலைக்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் திருநெல்வேலி போய்வர வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயைப் பைக்கில் கடந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்று ஆளை எப்படித் தள்ளும் என்று. காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்டதே அதற்காகத்தான். என்னிடம் இருந்த 125 சிசி வண்டியை ஒருநாள் காற்று அப்படியே ஒரு முழம் நகர்த்தி லாரிப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அன்று இரவே வீட்டில் சொல்லிவிட்டேன், கனமான வண்டி வாங்கப் போகிறேன் என்று. சீட்டு எடுத்த பணம் 1,25,000 இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் புரட்ட வழியில்லை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு மாதம் அலைந்தேன். பழைய கிளாசிக் 350 நிறையக் கிடைத்தது. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளில் ஸ்போக்கும் ரிம்மும் உப்புக்காற்றில் அரித்திருந்தன. ஹிமாலயன் 411 நல்லதாகக் கிடைத்தவை என் கைக்கு எட்டவில்லை. கடைசியில் டொமினார் 400 என்று முடிவு செய்தேன். 373 சிசி, 180 கிலோவுக்கு மேல் எடை, காற்றில் ஆடாது. 2019 மாடலில் முன் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன்) நல்லதாக மாறியிருந்தது. இன்றும் சொல்கிறேன், வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. வாங்கிய இடத்தில்தான் ஏமாந்தேன்.

நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் மெயின் ரோட்டோரம் இருக்கும் ஒரு பழைய வண்டிக் கடை அது. பெயர் சொல்லவில்லை, விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது. 2019 ஆகஸ்ட் பதிவு, டி.என்.69 (தூத்துக்குடி) நம்பர், மீட்டரில் 21,400 கிலோமீட்டர். பாலிஷ் போட்டு கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். கடைக்காரர் 1,32,000 என்று ஆரம்பித்து 1,15,000-க்கு இறங்கினார். அவ்வளவு சீக்கிரம் இறங்கியதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

“மக்களே, தூத்துக்குடில ஒரு டாக்டரு வச்சிருந்த வண்டி. அவரு காருலதான் போவாரு. இத வெளிய எடுக்கதே இல்ல. ஒரே ஓனரு, பாத்துக்கிடுங்க” என்றார்.

டேங்க் மேலே இருக்கும் சின்ன டிஸ்பிளேயின் கண்ணாடிக்கு உள்ளே வியர்த்தது போல ஈரம் கோத்திருந்தது. கேட்டேன். “காலையிலதான் வாட்டர் வாஷ் பண்ணினோம், வெயில் பட்டா போயிரும்” என்றார். நான் போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. “உங்களுக்காவ இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்” என்றார். இரண்டையும் நம்பினேன். குளிர்ந்த எஞ்சின் முதல் தடவை எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதைப் பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்கக் கூடாது. சைலன்ஸரில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் “நாளைக்கு வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நான் அதைச் செய்யவில்லை. அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன், வண்டியோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம்.

பேப்பரிலும் அதே கதைதான். ஐந்து வருட இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆகஸ்ட் வரை ஓடலாம் என்று காட்டினார்கள். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருடம் சேர்த்துப் போடுவது மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கானது மட்டும்தான். நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பாலிசி எங்கே என்று கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். கேட்டு வாங்கி, அதில் உள்ள எண்ணை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் பண்ணுங்கள்: பாலிசி உயிரோடு இருக்கிறதா, கிளெய்ம் ஏதாவது போயிருக்கிறதா? அதே பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும், கிளெய்ம் வாங்காதவருக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது. கிளெய்ம் வாங்காமல் ஐந்து வருடம் ஓடிய வண்டிக்கு அது 50 சதவீதம் வரை ஏறும். பல வருடம் ஓடிய வண்டிக்கு அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, கடன், காப்பீட்டுக் கெடு எல்லாம் தெரியும். வண்டி தண்ணீரில் கிடந்தது தெரியாது.

80,000 ரொக்கமாகக் கொடுத்தேன், மீதி 35,000 ஜிபே. பில் தரவில்லை. துண்டுச் சீட்டில் வண்டி நம்பரும் தொகையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓனர் கையெழுத்திட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள் தன்னிடம் இருப்பதாகவும், 3,500 ரூபாய் கொடுத்தால் ஒரு மாதத்தில் ஆர்.சி. என் பேருக்கு வந்துவிடும் என்றும் சொன்னார். அதையும் கொடுத்தேன்.

முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. முன் சக்கரத்தில் ஒரு கரகரப்பு. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விளக்கு எரியும், அணையும். கடைக்குப் போன் பண்ணினால் “பேட்டரி மாத்துங்க” என்றார். மாற்றினேன்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு சாயங்காலம், திருநெல்வேலியிலிருந்து வரும் வழியில், முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டியதும் எஞ்சின் பட்டென்று நின்றது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன் எதுவும் இல்லை. பக்கவாட்டில் காற்று அடித்துத் தள்ளுகிறது. பின்னால் ஒரு டாரஸ் லாரி. அந்த டிரைவர் எப்படி ஒதுக்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டியை ஓரமாகச் சாய்த்து நிறுத்திவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. காற்றுக்குப் பயந்துதான் அந்த வண்டியையே வாங்கினேன்.

மினி லாரியில் ஏற்றி வடசேரியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் சீட்டைக் கழற்றினார், வயர்களை இணைக்கும் ஒரு கப்ளரைப் பிடுங்கினார், என்னைக் கூப்பிட்டார். “மக்கா, இங்க பாரு.” உள்ளே பின்கள் எல்லாம் பச்சைக் களிம்பு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் காய்ந்த வண்டல், விரலால் சுரண்டினால் தூளாக வந்தது. ஹெட்லைட்டை இறக்கி டார்ச் அடித்தார். உள்ளே, பாதி உயரத்தில், பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு சேற்றுக் கோடு.

“இது தண்ணியில கெடந்த வண்டி. கெடந்ததுக்குப் பொறவு வெளிய மட்டும் கழுவிருக்கானுவ.”

முன் சக்கர பேரிங் துருப்பிடித்து உதிர்ந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார், ஏ.பி.எஸ். யூனிட், வயரிங் செட் என்று அவர் போட்ட கணக்கு 41,000. மீட்டர் வேறு வண்டியிலிருந்து கழற்றியது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்துக் கேட்டபோது, 2023 அக்டோபரில் கடைசியாக சர்வீஸுக்கு வந்தபோதே 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

கடைக்குப் போனேன். பத்து வாடிக்கையாளர்கள் முன்னால் வைத்துக் கேட்டேன். “ரெண்டு மாசம் ஓட்டியாச்சு, இனி நமக்கு என்ன பொறுப்பு? நான் புரோக்கருதான், ஓனருட்ட கேளுங்க” என்றார். ஜூனில் மக்களே என்று கூப்பிட்டவர், ஆகஸ்டில் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஓனரிடமே கேட்டுவிடலாம் என்று ஆர்.சி.யில் இருந்த முகவரிக்குப் போனேன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், தாமிரபரணி கரையோர ஊர்களுக்குள் புகுந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வீட்டு வெளிச்சுவரில் இடுப்பளவு உயரத்தில் தண்ணீர்க் கோடு அப்போதும் அழியாமல் இருந்தது. என் வண்டியின் ஹெட்லைட் இருக்கும் அதே உயரம்.

ஓனர் டாக்டர் இல்லை. உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இன்சூரன்ஸில் முழுச் சேதம் என்று எழுதிப் பணம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அப்போது வந்த ஏஜென்ட் வெறும் படிவங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“சார், ஆர்.சி. இன்னுமா எம் பேர்ல இருக்கு?”

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. நான் அந்த இரண்டு மாதத்தில் யார் மேலாவது மோதியிருந்தால், வழக்கு அவர் வாசலுக்குத்தான் போயிருக்கும். ஆர்.சி.யில் பெயர் யாருடையதோ அவர்தான் உரிமையாளர், பொறுப்பும் அவருடையது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விற்கிறவர்களே, தயவு செய்து வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குகிறவர்களே, 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டியது நம் கடமை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீங்களே போங்கள், நாகர்கோவிலிலும் இருக்கிறது, மார்த்தாண்டத்திலும் இருக்கிறது. புரோக்கர் கையில் விடாதீர்கள். இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்காரர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அது உள்ள கடைக்கு ஓனர் முறைப்படி வண்டியை ஒப்படைத்திருந்தால், “நான் புரோக்கர்தான்” என்று அவர்கள் கை கழுவ முடியாது. நான் கேட்கவே இல்லை.

இன்று யாராவது என்னோடு வண்டி பார்க்கக் கூப்பிட்டால் டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டுதான் போவேன். சீட்டைக் கழற்றி ஒரு கப்ளரைப் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கச் சொல்லலாம். திறக்க விடாத கடையில் வண்டி எடுக்க வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் இதற்குக் கீழே தேயக் கூடாது என்று அளவு பொறித்திருக்கும். 20,000 ஓடிய வண்டியில் டிஸ்க் அந்த அளவை நெருங்கியிருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலையில் கொட்டிவிடவும் கூடாது. டொமினாரின் 150/60-17 அளவுப் பின் டயர் நம் 125 சிசி வண்டி டயர் விலைக்கு வராது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பேசினேன். பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜிபே போன 35,000-க்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 80,000-க்கு அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான். அந்தக் கையெழுத்தே தன்னுடையது இல்லை என்று கடைக்காரர் பதில் கொடுத்திருக்கிறார். ஏரல்காரர் எனக்காகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வண்டி வடசேரியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. ஒருவர் 40,000-க்குக் கேட்டார், அப்படியே கழுவி வேறு ஊரில் தள்ளிவிடலாம் என்றார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.