படியிறங்க முடியாத பெரியவருக்கு போனா, டேப்லெட்டா?

பெங்களூர் அல்சூரில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, முழங்கால் வலி, வயது 75. பிள்ளைகள் தங்கள் பழைய போனைக் கொடுத்து "கத்துக்கோங்கப்பா" என்பார்கள். அந்தப் போனில்தான் பேங்க் ஆப்பும் ஓடிபியும். எதையாவது தொட்டால் பணம் போய்விடுமோ என்று கை பின்வாங்குகிறது. பயத்தோடு யார் கற்க முடியும்?

சிம் இல்லாத, வைஃபை மட்டும் உள்ள பத்து அங்குல டேப்லெட்டில் பேங்க் ஆப்பை ஏற்றாமல் விட்டால் அந்தப் பயம் இல்லை. எடை அரைக் கிலோவை நெருங்கும். 200 கிராம் போனை ஒரு கையில் பிடிக்கலாம் என்பார்கள். நடுங்கும் கைக்கு அதுவும் பாரம்தான். டேப்லெட்டை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டால் பிடிக்கவே வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கினாலும் பொத்தான்கள் திரைக்கு வெளியே ஓடாது.

இரண்டிலும் வரும் தொல்லை ஒன்று: முதியவர்கள் தொடுவதில்லை, அழுத்துகிறார்கள். ஆண்ட்ராய்டு அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொள்வதால் ஐகான் இடம்மாறும், காணாமலும் போகும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே'யை 'லாங்' ஆக்குங்கள். விரல் வறண்டிருந்தால் திரை உணராது. ரப்பர் முனை ஸ்டைலஸ் உதவும்.

டேப்லெட்டின் வாட்ஸ்அப்பைப் போனோடு க்யூஆர் மூலம் இணைக்கலாம். போன் 14 நாளுக்கு மேல் பயன்படாமல் கிடந்தால் இணைப்பு அறுந்துவிடும். கரண்ட் போனால் வைஃபை தரும் ரௌட்டரும் அணையும். டேப்லெட்டின் பெரிய குறை இதுதான். பெங்களூரில் ரௌட்டருக்கான மினி யூபிஎஸ் (சின்ன பேட்டரிப் பெட்டி) இல்லாமல் டேப்லெட் வாங்க வேண்டாம். பெரும்பாலான ரௌட்டருக்கு 12 வோல்ட். அடாப்டரில் பார்த்து வாங்குங்கள்.

போன் வென்றே தீரும் இடம் ஓடிபி. ஓய்வூதியர் ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றான ஜீவன் பிரமாணையும் போனிலேயே முடிக்கலாம்: அந்த ஆப்போடு, முகத்தைப் பார்த்து ஆளைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் வேண்டும். ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள்; வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருண்டு சரிபார்ப்பு தோற்றுப்போகும். கண்ணும் சிமிட்ட வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர் 80 வயதைத் தாண்டியிருந்தால் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

பேச்சுக்குப் பதில் சொல்லும் அலெக்ஸா? தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்கு வேண்டாம். இந்தியாவில் அதற்கு ஆங்கிலமும் இந்தியும்தான். ஸ்மார்ட் டிவி பார்ப்பதற்குச் சரி, ரிமோட்டில் எழுத்துக் கூட்டுவது தண்டனை.

ஆக, கற்க டேப்லெட், பணத்துக்குப் போன். போனின் பின்னால் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இணைய மோசடியில் பணம் போனது தெரிந்த நிமிடமே கூப்பிட வேண்டிய எண் அது.