டெக்சாஸில் கைத்துப்பாக்கி: உரிமம் எடுப்பதா, வேண்டாமா?

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர், சட்டத்தடை எதுவும் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியுடன் வெளியே போகலாம். அப்புறம் எதற்கு உரிமம் என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு: உரிமம் இல்லையென்றால் ஒன்றுமில்லை. உரிமத்துக்கு மாநிலக் கட்டணம் 40 டாலர், வகுப்புக்கும் கைரேகைக்கும் தனி.

பயிற்சி: ஒரு பக்கம் கட்டாயமே இல்லை. இன்னொரு பக்கம் 4 முதல் 6 மணி நேர வகுப்பு, சுடும் தேர்வு. ஆள் நடமாடும் இடத்தில் துப்பாக்கியோடு திரிபவருக்கு இந்த ஒரு நாள்கூட வேண்டாம் என்பது எனக்கு ஒத்துவரவில்லை.

செல்லுமிடம்: வித்தியாசம் இங்கேதான். அரசுப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் உரிமம் உள்ளவர் மறைத்து எடுத்துப் போகலாம் (சில பகுதிகள் தவிர), மற்றவர் கூடாது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் மத்திய சட்டமும் மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு தருகிறது, ஊருக்குள் காரில் போகிறவர் அந்த எல்லையை எத்தனை முறை தாண்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மது விற்பனையில் வரும் பாருக்குள் இருவருக்கும் அனுமதி இல்லை.

வெளிமாநிலம்: டெக்சாஸ் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன, எல்லாம் அல்ல.

சொந்த நிலத்தோடும் பண்ணையோடும் நிற்பவருக்கு உரிமம் தேவைப்படாது. நகரவாசி, மாநில எல்லை தாண்டுபவர், பல்கலைக்கழகம் போகிறவர் என்றால் 40 டாலரைக் கட்டிவிடுங்கள்.