வீட்டில் வைத்துக் குடிக்க எந்த போர்ட்: ரூபியா, பத்தாண்டு டானியா?

இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் 75 மில்லி போர்ட் ஒயின், வாரத்தில் மூன்று நாள். 20 சதவீத ஆல்கஹால் இருப்பதால் அதற்கு மேல் ஊற்றுவதில்லை. இந்தப் பழக்கத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று இரண்டு குளிர்காலமாக மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்து, கடைசியில் பத்தாண்டு டானியில் நின்றுவிட்டேன். கோவாவில் போர்ட் ஒயின் என்ற பெயரில் விற்கும் மலிவான இனிப்பு ஒயின் வேறு, நான் சொல்வது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளைவது.

ருசி வித்தியாசம் பலருக்கும் தெரிந்ததுதான். ரூபி கருஞ்சிவப்பு, பிளம், செர்ரி வாசனை. டானி செம்பழுப்பு, வறுத்த பாதாமும் உலர்ந்த அத்திப்பழமும் கேரமலும் சேர்ந்த மாதிரி. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவதால் இரண்டிலும் இனிப்பு தங்கிவிடுகிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது ருசி இல்லை, பாட்டிலைத் திறந்த பிறகு எத்தனை நாள் தாங்குகிறது என்பதுதான். 750 மில்லி பாட்டிலில் பத்து கிளாஸ், என் வேகத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஓடும். ரூபியைப் பெரிய தொட்டிகளில், காற்று அதிகம் படாமல் இரண்டு மூன்று வருஷம் வைத்து, அந்தப் பழ வாசனை போவதற்குள் பாட்டிலில் அடைக்கிறார்கள். அதனால் நாம் திறந்ததும் காற்று தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது: முதல் வாரம் அருமை, இரண்டாவது வாரம் பரவாயில்லை, அதற்கப்புறம் வெறும் இனிப்பும் சாராய நெடியும்தான் மிஞ்சும். ஃபிரிட்ஜில் வைத்தும் பார்த்துவிட்டேன், சில நாள் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். டானியோ சுமார் 550 லிட்டர் பிடிக்கும் சின்ன மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றைப் பார்த்துப் பழகியது, அந்தப் பாதாம் ருசியே அப்படி வந்ததுதான். திறந்து ஒரு மாதம் ஃபிரிட்ஜில் இருந்தாலும் பெரிதாக மாறுவதில்லை.

இங்கே லண்டனில் பத்தாண்டு டானி சாதாரண ரூபியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. ஆனால் நான் ரூபியில் கடைசி மூன்று நான்கு கிளாஸைக் குடிக்க மனமில்லாமல் சமையலில் ஊற்றியதையும் கணக்கில் சேர்த்தால் அந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஒன்று கவனியுங்கள், வயது போடாத வெறும் டானியை மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது ரூபியின் வயதேதான், நிறம் மட்டும் வெளிறியிருக்கும், அந்தப் பாதாம் ருசி இருக்காது. லேபிளில் 10 என்று இருக்க வேண்டும், பாட்டிலில் அடைத்த ஆண்டும் இருக்கும். பாட்டிலில் டானி மேலும் முதிராது, ஆகவே அண்மையில் அடைத்ததாகப் பார்த்து எடுங்கள்.

வீட்டில் இரண்டு பேர் குடித்து ஒரு வாரத்தில் பாட்டில் காலியாகும் என்றால் ரூபிதான் சரி, அதிலும் கிரஹாம்ஸ் சிக்ஸ் கிரேப்ஸ், ஃபொன்செகா பின் 27 மாதிரி, சாதாரண ரூபியைவிட ஒரு படி மேலான ரிசர்வ் வகை. கறுப்பு சாக்லேட்டோடு டானி அதற்கு ஈடாகாது. அதிரசத்துக்கு நேர்மாறு, வெல்லத்தோடு டானி அப்படிப் பொருந்துகிறது, லேசாகக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள். ஒரே ஆண்டின் அறுவடையை நான்கு முதல் ஆறு வருஷம் வைத்து அடைக்கும் எல்.பி.வி. (லேட் பாட்டில்டு விண்டேஜ்) போர்ட்டை இரண்டே முறை வாங்கியிருக்கிறேன், முதல் மூன்று நாளுக்கு மற்ற இரண்டையும்விட அதுதான் பிடித்தது. வடிகட்டாத வகையை இன்னும் வாங்கியதில்லை, அடுத்த டிசம்பரில் வீட்டுக்கு ஆட்கள் வரும்போது ஒன்று திறக்கலாம் என்றிருக்கிறேன்.