ஆனைக் காவலுக்கு ஒரு காதுமூடி

என் இடது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. மூன்று வருடமாகிறது. மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், யானைக்கு இருந்த ஓர் இரவுக்காவலில், கொளுத்திய யானைவெடியை எறியச் சற்றுப் பிந்திவிட்டேன். கை தப்பியது, காது தப்பவில்லை. "உள்ளுக்குள்ள இருக்கிற மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. மிச்சத்தையாவது காப்பாத்துங்க" என்றார் வைத்தியர்.

முதலில் வாங்கியது கிரைண்டர் பிடிக்கிறவர்கள் போடும் சாதாரண மஞ்சள் மூடி. காதுக்கு நல்லது, உயிருக்குக் கூடாது. யானையின் காலடி வெறுங்காதுக்கே சரியாகக் கேட்காது. கிளை முறிவதும், கதிரைப் பிடுங்கும் 'சரக் சரக்'கும்தான் நமக்கு அறிகுறி. அதையும் அடைத்துக்கொண்டு பரணில் இருப்பதைவிட வீட்டில் போய்ப் படுக்கலாம். வெடி போடும்போது மட்டும் மாட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். ஒரு கையில் ரோச், மறு கையில் வெடி. எந்தக் கையால் மாட்டுவது?

வெளிநாட்டில் வேட்டைக்காரரும் துவக்குச் சுடுகிறவர்களும் போடும், வெளிச்சத்தத்தை மைக் வழியாகக் காதுக்குள் தரும் எலக்ட்ரோனிக் காதுமூடி இதற்குத்தான் சரி என்று தெரிந்ததும், பெயர் தெரியாத மலிவுச் சாமான் ஒன்றை ஒன்லைனில் எடுத்தேன். அதில் மைக் ஒன்றே ஒன்று. இரண்டு காதிலும் ஒரே சத்தம் வருவதால், எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று புரியாது. ஒருநாள் மருதமரப் பக்கம் கிளை முறிய, நான் வாய்க்கால் பக்கம் ரோச் அடித்துக்கொண்டிருந்தேன். வெடி போட்டால் இரண்டு மூன்று விநாடிக்கு முழுச் செவிடு வேறு. யானை எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்க வேண்டிய நேரமே அதுதான். நான்கு நாளில் அதைத் தூக்கிப் போட்டேன்.

இப்போது இருப்பது ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட். கட்டாரில் இருக்கும் மருமகன் லீவில் வரும்போது கொண்டுவந்தான். விலை கேட்டேன், "அதை விடுங்க மாமா" என்றான். ஒவ்வொரு பக்கமும் தனி மைக், உள்ளே ஸ்பீக்கர். சின்னச் சத்தத்தைப் பெருக்கித் தரும். 82 டெசிபலைத் தாண்டினால் பெருக்குவதை நிறுத்திவிடும். பலரும் பிழையாக விளங்குவது இந்த இடத்தில்தான். வெடிச்சத்தத்தைத் தடுப்பது மின்சாரம் அல்ல. காதை மூடும் கோப்பையும் அதைச் சுற்றிய மெத்தையும்தான். பற்றரி செத்தாலும் அது சாதாரண மூடியாக நின்று காக்கும். மெத்தை கிழிந்தால் பற்றரி புதிதாக இருந்தும் பயனில்லை. ஆகவே வாங்கும்போது முதலில் மெத்தையை அமுக்கிப் பாருங்கள்.

பெட்டியில் என்.ஆர்.ஆர். என்று ஒரு எண் இருக்கும், மூடி சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதற்கான டெசிபல் மதிப்பு அது. இதற்கு 22. இதே மாதிரியான வேறு மூடிகளில் வோக்கர்ஸ் ரேசருக்கு 23, பெல்டரின் ஸ்போர்ட் டக்டிகல் 500க்கு 26. ஆய்வுகூடத்தில் ஒழுங்காகப் பொருத்தி அளந்த எண் அது. என்னைப் போல மூக்குக்கண்ணாடி போட்டால் அதன் காம்பு மெத்தையைத் தூக்கி இடுக்கு விடும், எண்ணும் இறங்கிவிடும். மச்சானிடம் லைசன்ஸ் உள்ள 12 போர் துவக்கு இருக்கிறது. விரட்டுவதற்கு வானத்தை நோக்கித்தான் சுடுவார். அதன் சத்தம் 150 டெசிபலுக்கு மேல்; 140ஐத் தாண்டினால் ஒரே ஒரு வெடியும் காதைக் கெடுக்கலாம். அதனால் அவர் பக்கத்தில் இருக்கும் இரவுகளில் நுரை அடைப்பானைக் காதுக்குள் செருகி, அதன்மேல் மூடியைப் போட்டு, மூடியின் ஒலியளவைக் கூட்டிவிடுகிறேன். இரண்டையும் போட்டால் இரட்டிப்புக் காப்பு என்று நினைக்காதீர்கள், கூடுதலாகக் கிடைப்பது 5 டெசிபல் அளவுதான். ஆனால் வயல் சத்தமும் கேட்கிறது, அதுதான் எனக்கு வேண்டியது.

முதல் இரவு போட்டபோது வட்டை முழுக்கக் காதுக்குள் வந்து இறங்கியது. தவளைக் கச்சேரி, தூரத்து நாய், பக்கத்துப் பரணில் வெற்றிலை இடிக்கும் சத்தம்கூட. நுளம்பொன்று மைக்கருகே பறந்தால் ஹெலிகொப்டர்தான். ஒருநாள் ஒரு மணியளவில் தவளைகள் சட்டென்று ஓய்ந்தன. வயலில் தவளை வாயை மூடினால் ஏதோ உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மச்சானை உலுக்கி எழுப்பி, ரோச் அடித்து, வெடியையும் கையில் எடுத்தேன். "என்னடா?" என்றார். "தவளை நின்டுட்டு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூடியைக் கழற்றினேன். தவளைகள் பாடிக்கொண்டுதான் இருந்தன. பற்றரியை மிச்சம் பிடிக்க 4 மணித்தியாலத்தில் அது தானாக அணைந்துவிடுமாம். கூட வந்த தாளில் எழுதியிருக்கிறது, வாசிக்காதது என் பிழை. இப்போது பன்னிரண்டு மணிக்கே மூடியின் சுவிச்சை ஒருமுறை அணைத்துப் போட்டுவிடுகிறேன்.

ட்ரிப்பிள் ஏ பற்றரி இரண்டு போடவேண்டும். போன முன்மாரிப் போகத்தில் கதிர் முற்றிய ஐந்து கிழமைக்கும் ஒரே சோடி போதுமாயிருந்தது. அறுவடை முடிந்ததும் கழற்றி வையுங்கள். உள்ளே கசிந்தால் போச்சு. காற்று அடித்தால் எந்த எலக்ட்ரோனிக் மூடியிலும் மைக்கில் 'உஸ்' என்று இரையும், சத்தத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. தூறலுக்கு நான் ஷொப்பிங் பையால் மூடிக்கொள்கிறேன், பார்க்க அழகாக இராது. போனைச் செருகிப் பாட்டுக் கேட்க ஒரு துளையும் வைத்திருக்கிறார்கள். யானைக்குக் காத்திருப்பவனுக்கு அது எதற்கு?

இருப்பது ஒன்றுதான் என்பதால் முறை மாற்றிப் போடுகிறோம். முதல்தடவை விடியற்காலை முறைக்கு மச்சானிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அரை மணித்தியாலத்தில் எழுப்பினார். ஆனையாக்கும் என்று பதறி எழுந்தால், "உன்ட குறட்டையையும் பெருசாக்கித் தருதடா. அதை நிப்பாட்ட இதில எங்க சுவிச்?" என்கிறார்.